ஒற்றை ஆளுக்குப் படகு கிடையாது

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதி வைக்கிறவர்கள், தனியாக வருகிறவனை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

பூட்டு என்று கூப்பிடப்படுகிறவர் கைக்கொரு கோன் ஐஸ்க்ரீமைப் பிடித்துக்கொண்டு, பதினொரு மணி வெயிலில் பூங்கா வாசலில் நின்றார். இடது கையில் இருந்தது அவர் கேட்டது. வலது கையில் இருந்தது கேட்காதது. வெயிலுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. இரண்டையும் சமமாக உருக்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணு போதும்மா," என்று முதலிலேயே சொல்லித்தான் பார்த்தார்.

"போதும்னா எப்படி சார்," என்றாள் வண்டிக்கார அம்மா. "ஃப்ரீயை நானே தின்னுட்டேன்னு கம்பெனியில சொல்லுவாங்க. போன மாசம் என் ஓரகத்தியை அப்படித்தான் வேலையை விட்டு நிறுத்தினாங்க. பிடிங்க. கூட யாராவது வந்திருப்பாங்கல்ல?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால், இல்லை என்றதும் 'அடப்பாவமே' என்று சொல்லிவிடுவாள் போலிருந்தது. பூட்டுக்கு அது வேண்டாம். அவருக்கு வருடம் முழுக்க அது தேவைக்கு மேலேயே கிடைத்துக்கொண்டிருந்தது.

"வந்திருக்காங்க," என்றார். "வீட்டுக்காரம்மா. பின்னாடி வர்றாங்க."

வீட்டுக்காரம்மா என்று ஒருத்தி கிடையாது. பின்னாடி ஒரு குப்பைத் தொட்டி மட்டும் இருந்தது.

பூட்டு என்பதும் அவருடைய பெயர் கிடையாது. மின்விசிறி செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் ஸ்டோர் பொறுப்பாளர். சாயங்காலம் ஸ்டோரைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், கேட் வரைக்கும் போவார், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். பன்னிரண்டு வருடமாக இப்படியே இழுத்ததில் பூட்டு தேயவில்லை, அவருடைய பெயர்தான் தேய்ந்துபோனது. வயது நாற்பத்தொன்று. தனிக்கட்டை. லீவு எடுப்பதில்லை. எடுத்து என்ன செய்வது என்று தெரியாததால் எடுப்பதில்லை.

கம்பெனி இதை வேறு மாதிரி பார்த்தது. ஸ்டோர் சாவி வைத்திருக்கிறவன் லீவே எடுக்கவில்லை என்றால் எதையோ மறைக்கிறான் என்பது அவர்கள் சித்தாந்தம். ஆகவே வருடத்துக்கு ஒரு நாள் அவரைக் கட்டாயமாக வெளியே அனுப்பிவிட்டு, ஸ்டோரைத் திறந்து, விசிறி இறக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருக்கும். மறைப்பதற்கு அவரிடம் எதுவும் இருந்ததில்லை. சொல்லிக்கொள்வதற்கும்.

பிரச்சினை லீவில் இல்லை. மறுநாள் சாப்பாட்டு மேஜையில்தான் இருந்தது. போன வருடம் பேக்கிங் பிரிவு அக்கா, டப்பாவைத் திறந்துகொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார்.

"லீவுல என்ன பண்ணினே பூட்டு?"

"சும்மாதான்க்கா இருந்தேன்."

"சும்மான்னா?"

"சும்மா... உக்காந்திருந்தேன்."

அக்கா தன் டப்பாவிலிருந்து ஓர் அவித்த முட்டையை எடுத்து அவர் தட்டில் வைத்தார். மறுநாளும் வைத்தார். ஒரு வாரம் வைத்தார். இரக்கம் இத்தனை சத்தோடு வரும் என்று பூட்டு எதிர்பார்க்கவில்லை.

இந்த வருடம் முட்டை வாங்குவதில்லை என்று தீர்மானித்துத்தான் கிளம்பியிருந்தார். நாளை மத்தியானம் மேஜையில் சொல்வதற்கு ஒரு விஷயம் வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தால் போதும்.

ஊரில் குறை ஒன்றும் இல்லை. காலை எட்டு மணிக்கே வெயில் தெருவின் ஒரு பக்கச் சுவர்களை எல்லாம் பொன்னாக்கி வைத்திருந்தது. பேக்கரி வாசலில் சுடச்சுட ஒரு பன் வாங்கி, ஆவி போகப் போகப் பிய்த்துத் தின்றார். நூலகத்தின் கல்படி இளஞ்சூடாக இருந்தது; அதில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். எங்கிருந்தோ ஒரு பூனை வந்து அவருடைய ஷூவை மோந்து பார்த்து, திருப்திப்பட்டு, அதன் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டது. அது எழுந்திருக்கும் வரைக்கும் நாற்பது நிமிடம் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது மாடிக் கண்ணாடியைக் கழுவுகிறவன் தண்ணீரை விசிறியபோது ஒரு கணம் வானவில் வந்து போனது. அதைப் பார்த்து அவர் நின்றார். வேறு யாரும் நிற்கவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றும் சொல்லும்படியாக இல்லை. 'நேத்து என் ஷூ மேல ஒரு பூனை தூங்குச்சுக்கா' என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். பேக்கிங் அக்காவின் கை மெதுவாக முட்டையை நோக்கிப் போவது தெரிந்தது.

அப்போதுதான் படகு ஞாபகம் வந்தது. பூங்கா ஏரியில் காலால் மிதித்து ஓட்டும் படகுகள் விடுகிறார்கள். 'ஏரியில படகு விட்டேன்.' இது விஷயம். இதற்கு யாரும் முட்டை வைக்க மாட்டார்கள்.

"சார், அவங்களோடது உருகுது," என்று வண்டிக்கார அம்மா குரல் கொடுத்தாள்.

பூட்டு குனிந்து பார்த்தார். கேட்காத ஐஸ்க்ரீம் முழங்கை வரைக்கும் வந்திருந்தது. அவசரமாக அதை நக்கினார். அதை நக்குவதற்குள் இது வழிந்தது. இதை நக்கினால் அது. கொஞ்ச நேரம் பாரபட்சம் இல்லாமல் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அவங்க இன்னும் வரலையே," என்றாள் அந்த அம்மா. பார்வை இப்போது கொஞ்சம் மாறியிருந்தது.

"நேரா படகுத்துறைக்குப் போயிருப்பாங்க," என்று இரண்டு கோனையும் வாயில் திணித்துக்கொண்டு நடந்தார் பூட்டு.

பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் படகுத்துறையில் குடும்பம் குடும்பமாக வரிசை நின்றது. டிக்கெட் கொடுக்கிறவர் மூக்கு நுனியில் கண்ணாடி போட்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எத்தனை பேர்?"

"ஒருத்தர்."

"ஒத்த ஆளுக்குப் படகு கிடையாது."

"ஏங்க?"

"ரெண்டு பக்கமும் எடை வேணும். ஒரு பக்கம் மட்டும் ஆள் உக்காந்தா படகு சாயும், நேரா போகாது, வட்டம் போடும். முன்னாடி ஒருத்தரை விட்டோம். முக்கால் மணி நேரம் ஒரே இடத்துல சுத்திட்டு, இறங்கினவர் நடந்தும் வட்டமாத்தான் போனார்." இப்போதுதான் நிமிர்ந்தார். "கூட ஆள் இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா தள்ளி நில்லுங்க, பின்னாடி பிள்ளைங்க காத்திருக்கு."

பூட்டு ஏரியைப் பார்த்தார். தண்ணீர் மேல் வெயில் சில்லறை சில்லறையாக மின்னியது. நாளை மத்தியானம் இன்னும் ஒரு இரவு தூரத்தில்தான் இருந்தது. பொய் ஏற்கெனவே கைவசம் இருந்தது, புதிதாகக் கூடச் செய்ய வேண்டியதில்லை.

"வீட்டுக்காரம்மா வந்திருக்காங்க. பாத்ரூம் போயிருக்காங்க."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன," என்று கண்ணாடிக்காரர் இரண்டு டிக்கெட்டும் இரண்டு லைஃப் ஜாக்கெட்டும் கொடுத்தார்.

பூட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டார். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டார். அவருடைய திட்டம் எளிமையானது. கண்ணாடிக்காரர் எப்போதாவது தலையைத் திருப்புவார், அந்த நேரத்தில் படகில் ஏறி, பக்கத்து இருக்கையில் ஜாக்கெட்டை நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் கொஞ்சம் மெலிந்த மனைவி மாதிரி இருக்கும்.

கண்ணாடிக்காரர் தலையைத் திருப்பவே இல்லை.

"மேடம் வந்தாச்சா சார்?"

"இதோ வந்துடுவாங்க."

ஐந்து நிமிடம் ஆயிற்று. வரிசையில் முதலில் நின்ற அம்மாள் உச்சுக்கொட்டினாள். பிள்ளை ஒன்று அவர் கையிலிருந்த ஜாக்கெட்டை வெறித்துப் பார்த்தது.

"என்ன சார், இவ்வளவு நேரமா?"

"அவங்களுக்குக் கொஞ்சம் தலைசுத்தல்," என்றார் பூட்டு. இது கால அவகாசம் வாங்கித் தரும் என்று நினைத்தார்.

இது காவலாளியை வாங்கித் தந்தது. கண்ணாடிக்காரர் ஊதிய விசிலுக்குக் கம்பும் தொப்பியுமாக ஓடி வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் துப்புரவு செய்கிற பெண்ணைப் பெண்கள் கழிப்பறைக்குள் அனுப்பினார். அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டிவிட்டு வந்தாள்.

"உள்ளே யாரும் இல்லையேண்ணே."

வரிசையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பூட்டின் வீட்டுக்காரம்மா பிறந்து அரை மணி நேரத்துக்குள் காணாமலும் போய்விட்டாள்.

காவலாளி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "பதறாதீங்க சார். ஆள் எப்படி இருப்பாங்கன்னு சொல்லுங்க."

அதைப் பூட்டு யோசித்திருக்கவில்லை. நாற்பத்தொரு வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

"என் தோள் உயரம் இருப்பாங்க."

"ம்."

"மஞ்சள் குடை வெச்சிருப்பாங்க. வெயில் பிடிக்கும், ஆனா குடை இல்லாம வரமாட்டாங்க."

"ம்."

"சிரிக்கிறதுக்கு முன்னாடி கண்ணு சிரிச்சிடும். கோவம் வரும். வந்தா சாயங்காலத்துக்குள்ள போயிடும். சீக்கிரம் நடக்க மாட்டாங்க, எதையாவது பார்த்தா நின்னுடுவாங்க. வானவில், அது இதுன்னு."

காவலாளி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "அடையாளம் போதும் சார். பேரு?"

பூட்டுக்கு ஒரு பேரும் வாயில் வரவில்லை. எந்தப் பேரைச் சொன்னாலும் அது வேறு யாருடைய மனைவியோ மாதிரி இருந்தது.

"பேர் சொல்லிக் கூப்பிடற பழக்கமில்லை. 'இந்தாம்மா'ன்னுதான் கூப்பிடுவேன்."

"அப்படி மைக்ல கூப்பிட்டா பூங்காவுல பாதிப் பேர் வருவாங்க சார். போன் நம்பர்?"

"போனை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டாங்க."

காவலாளி குரலைத் தாழ்த்தினார். "ஏதாவது சண்டையா?"

ஆமாம் என்று சொன்னால், குடும்ப விஷயம் நமக்கெதற்கு என்று விட்டுவிடுவார்கள் என்று பூட்டு கணக்குப் போட்டார். குடும்ப விஷயத்தை யாரும் விட மாட்டார்கள் என்பது குடும்பம் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

"சின்னதா ஒரு மனஸ்தாபம்," என்றார்.

வரிசை கலைந்து அவரைச் சுற்றி வட்டமாயிற்று.

"என்ன சொன்னீங்க அவங்களை?" என்றாள் முதலில் நின்ற அம்மாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"ஒண்ணும் சொல்லலைங்க."

"ஒண்ணும் சொல்லாம எந்தப் பொம்பளை போவா? எங்க வீட்டு மனுஷனும் இப்படித்தான், ஒண்ணும் சொல்லலை, ஒண்ணும் சொல்லலைம்பார். ஒண்ணும் சொல்றதில்லைங்கறதுதான் பிரச்சினையே."

பக்கத்தில் இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற அவளுடைய கணவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தாள் ஐஸ்க்ரீம் வண்டி அம்மா.

"இவரா? இவரை எனக்குத் தெரியும். அந்தம்மாவுக்குன்னு கொடுத்த ஐஸ்க்ரீமையும் இவரே தின்னுட்டார். என் ரெண்டு கண்ணால பார்த்தேன். ரெண்டையும். நக்கி நக்கி."

கூட்டம் ஒரே மூச்சாக 'ச்சே' என்றது. துப்புரவுப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூட்டு தன் முழங்கையைப் பார்த்தார். சாட்சி அங்கே காய்ந்து போயிருந்தது.

"உருகுச்சுங்க," என்றார்.

"உருகாம? இந்த வெயிலுக்கு?" என்றாள் வரிசை அம்மாள். "முதல்ல மைக்ல மன்னிப்புக் கேளுங்க."

யாரும் இதை மறுக்கவில்லை. காவலாளி அவரைத் தோளில் தட்டி டிக்கெட் அறைக்குள் கூட்டிப் போனார். கண்ணாடிக்காரர் மைக்கைத் தட்டி, ஊதிப் பார்த்து, அவர் பக்கம் திருப்பினார். ஜன்னல் முழுக்க முகங்கள். இங்கேயே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பூட்டுக்குத் தோன்றியது. 'என் கூட யாரும் வரலை' என்பதை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு மன்னிப்பே மேல்.

"இந்தாம்மா," என்றார்.

அவருடைய குரல் மரங்களில் கட்டியிருந்த குழாய்களுக்குள் புகுந்து, பூங்கா முழுக்கச் சுற்றிவிட்டு, கொஞ்சம் தாமதமாக அவரிடமே திரும்பி வந்தது. தன் குரலை அவ்வளவு பெரிதாக அவர் கேட்டதே இல்லை.

"நான்தான். படகுத்துறைகிட்ட நிக்கிறேன். ஐஸ்க்ரீம் விஷயம் தப்புதான்." ஜன்னலில் தலைகள் ஆடின. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "காலையிலேர்ந்து நல்ல வெயில் இருந்துச்சு. பன் வாங்கினேன், சூடா இருந்துச்சு. நூலகப் படியில ஒரு பூனை வந்து ஷூ மேல தூங்குச்சு. அதையெல்லாம் யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை. நீ வந்தீன்னா சொல்லுவேன். இங்கேயே இருக்கேன். ஓடி வர வேணாம். மெதுவாவே வா."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வரிசை அம்மாள், "போகட்டும் விடுங்க, வந்துடுவாங்க," என்று யாரிடமோ சொன்னாள். அவளுடைய கணவர் பிள்ளையின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தார்.

பூட்டு வெளியே வந்து நின்றார். இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை. வராத ஒருத்திக்காக இருட்டும் வரைக்கும் நிற்க வேண்டும், பிறகு ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். நாளைக்கு முட்டை.

"போலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

நீலக் குடை பிடித்த ஒரு பெண். நாற்பதை ஒட்டிய வயது. உயரம் அவருடைய தோளைத் தாண்டி, காது வரைக்கும் இருந்தது. அவருடைய கையிலிருந்த ஜாக்கெட்டை வாங்கி, குடையை அவரிடம் கொடுத்துவிட்டு, பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

காவலாளி நோட்டைப் பார்த்தார். "மஞ்சள் குடைன்னாரே மேடம்?"

"அவருக்கு என்னைக்குக் கலர் தெரிஞ்சிருக்கு," என்றாள் அந்தப் பெண்.

இதைவிடப் பெரிய அத்தாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை. கூட்டம் சிரித்துக் கலைந்தது. வண்டிக்கார அம்மா மட்டும், "அடுத்த தடவை ரெண்டையும் நீங்களே வாங்கிக்குங்கம்மா, அவர் கையில கொடுக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

படகு கரையை விட்டு நகர்ந்தது. சாயவில்லை. வட்டம் போடவில்லை. பூட்டுக்குத்தான் தலை சுற்றியது.

"நீங்க யாருங்க?" என்றார் மெதுவாக.

"மிதிங்க முதல்ல. கரையில எல்லாரும் பார்க்கிறாங்க."

மிதித்தார். அவளுக்கு நன்றாகப் பழகிய கால். அவர்தான் தாளம் தப்பினார். ஏரியின் நடுவுக்கு வந்ததும் சத்தமெல்லாம் அடங்கி, தண்ணீர் படகின் அடியில் தட்டுவது மட்டும் கேட்டது. வெயில் முதுகில் கை வைத்த மாதிரி இருந்தது.

"மைக்ல கேட்டேன்," என்றாள். "அந்தப் பூனை. எந்த ஷூ மேல தூங்குச்சு?"

பூட்டு அவளைப் பார்த்தார். இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

"வலது."

அவள் குனிந்து பார்த்தாள். "ஆமா. இன்னும் முடி ஒட்டிக்கிட்டிருக்கு."

அதன் பிறகு பூட்டு பேசினார். பன்னைப் பற்றி, கல்படியின் சூட்டைப் பற்றி, வானவில் எந்த ஜன்னலில் வந்தது என்பது பற்றி. மின்விசிறி இறக்கைகளை மூன்று மூன்றாக எடை பார்த்து செட் சேர்ப்பார்கள், ஒன்று எடை தப்பினாலும் விசிறி ஆடும் என்பது பற்றிக்கூடச் சொன்னார். அவள் நடுநடுவே 'அப்புறம்?' என்றாள். அந்த வார்த்தை கிடைத்தால் மனிதன் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் மிதிப்பான்.

"நீங்களும் தனியாவா வந்தீங்க?" என்று கடைசியில் கேட்டார்.

"இங்க நான் எப்பவும் தனியாதான் வருவேன்."

"எப்பவும்னா?"

"அநேகமா தினமும். செவ்வாய்க்கிழமை மட்டும் வரமாட்டேன்."

தினமும். தனியாக. ஏரிக்கரையில். 'அடப்பாவமே' என்று பூட்டு மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அதை இன்னொருவரைப் பார்த்துச் சொல்வது அவருக்கு அதுதான் முதல் தடவை. நாளைய மேஜை கண்முன் வந்தது. 'ஏரியில படகு விட்டேன்க்கா.' 'யார்கூட?' என்று அக்கா கேட்பார். பதில் சொல்லாமல் சிரித்தால் போதும். மேஜையே எழுந்து நிற்கும்.

விசில் ஊதியது. அரை மணி நேரம் முடிந்துவிட்டது. கரையில் இறங்கும்போது அவளுக்குக் கை கொடுத்தார். குடையைத் திருப்பிக் கொடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு பூட்டை இரண்டாவது தடவை இழுத்துப் பார்க்கிற அதே கவனத்தோடு பேச்சை ஆரம்பித்தார்.

"எனக்கு லீவு நிறைய மீதியிருக்கு. இதுவரைக்கும் எடுத்ததில்லை. அடுத்த வாரம் ஒரு நாள் எடுக்கலாம்னு பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை இல்லாம."

அவள் சிரித்தாள். முதலில் கண்தான் சிரித்தது. அவர் நன்றாகப் பார்த்தார்.

"வாங்க," என்றாள். "நான் இருப்பேன்."

பூட்டு வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வாரத்துக்கு முன்பே ஒரு நாளை எதிர்பார்க்கத் தொடங்கினார். அப்போது காவலாளி மூச்சு வாங்க ஓடி வந்து, அவரைத் தாண்டி அவளிடம் சொன்னார்:

"அக்கா, ஜாக்கெட்டைக் கழட்டிடாதீங்க, கவுன்ட்டர்ல இன்னொருத்தர் பொண்டாட்டி பாத்ரூம் போயிருக்கான்னு சொல்லிட்டு நிக்கிறார், இன்னைக்கு உங்க ஷிஃப்ட்ல அவர் அஞ்சாவது."